ஒளிரும் பெரோவ்ஸ்கைட் நானோபடிகங்களும் அவற்றைக் காக்கும் பூச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் பெரோவ்ஸ்கைட் நானோபடிகங்களுக்குப் பூச்சு போடுவதுதான் என் வேலை. ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் ஆறாம் படிவ மாணவர்கள், புதிதாகச் சேரும் முதுகலைத் தம்பி தங்கைகள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் எல்இடி பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விஷயத்தை ஒரு முறைதான் விளக்கியிருக்கிறேன். மேலே பாருங்கள் என்று வரும் இடத்தில் சிரமம் பார்க்காமல் போய்ப் பார்த்துவிடுங்கள்.

1. பெரோவ்ஸ்கைட்டுன்னா என்ன? ஏதோ ரஷ்யக்காரர் பேர் மாதிரி இருக்கே?

ரஷ்யக்காரர் பெயர்தான். 1839இல் யூரல் மலைப் பகுதியிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ என்ற ஜெர்மானியர், கனிமங்களில் ஆர்வமுள்ள ரஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தார். அது கால்சியம் டைட்டனேட். அணுக்கள் அதே விதமாக அடுக்கப்பட்ட மற்ற பொருள்களுக்கும் பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நான் வேலை செய்வது ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டில். அதில் சீசியமும் ஈயமும் இருக்கும், கூடவே குளோரின், புரோமின், அயோடின் மூன்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒவ்வோர் ஈய அணுவைச் சுற்றியும் ஆறு ஹாலைடு அணுக்கள் நின்று ஓர் எண்முகியாகும். எண்முகிகள் மூலைக்கு மூலை கைகோத்து நிற்க, நடுவில் விடும் இடைவெளியில் சீசியம் உட்கார்ந்துகொள்ளும். இந்த அமைப்பை 1958இலேயே டென்மார்க்கைச் சேர்ந்த மோலர் வெளியிட்டுவிட்டார். அது அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய கவனம் பெறாமல் கிடந்தது. 2015இல் சூரிக் இடிஎச் பல்கலைக்கழகத்தில் மக்சிம் கோவலென்கோவின் குழு அதை நானோபடிகங்களாகச் செய்து காட்டியபோதுதான் எங்கள் துறையே பிறந்தது என்று சொல்லலாம்.

2. ஏன் நானோ அளவு வேணும்? பெரிய படிகமா இருந்தா ஒளிராதா?

ஒளிரும், ஆனால் சாதாரண வெப்பநிலையில் மங்கலாகத்தான். நீல ஒளியோ புற ஊதா ஒளியோ படிகத்தில் பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே எழும்பி, தன் இடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்லும். இரண்டும் மறுபடி சேரும்போதுதான் ஒளி வரும். பெரிய படிகத்தில் அவை விலகிப் போய் வழியில் ஏதாவது குறையில் மாட்டிக்கொள்ளும். பத்து நானோமீட்டர் பெட்டிக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அடைத்துவிட்டால் எங்கே போவது? சீக்கிரமே சேர்ந்துவிடும். சூரிக் குழு செய்த படிகங்கள் 4 முதல் 15 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்கள். ஹாலைடை மாற்றியும் அளவை மாற்றியும் 410 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது ஊதாவிலிருந்து அடர் சிவப்பு வரை நிறம் எடுத்தார்கள்.

ஆனால் இந்தச் சின்ன அளவில்தான் பிரச்சினையும் தொடங்குகிறது. சீசியம் ஈய புரோமைடின் ஓர் அலகுக் கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அணு அமைப்பு, பக்கத்துக்கு ஏறக்குறைய 0.59 நானோமீட்டர். பத்து நானோமீட்டர் கனசதுரத்தில் பக்கத்துக்கு 17 கூடுகள், மொத்தம் 4,913. இதில் வெளிப்புறத்தைத் தொடாதவை 15 × 15 × 15 = 3,375. மீதி 1,538 கூடுகள் மேற்பரப்பில் இருக்கின்றன. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளியே நிற்கிறது! இந்தக் கணக்கை ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள். பூச்சைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பது அப்போதே விளங்கிவிடும்.

3. குவாண்டம் டாட் டிவி ஏற்கனவே கடையில விக்குதே. இது எதுக்குப் புதுசா?

குவாண்டம் டாட் என்பதும் நானோமீட்டர் அளவுள்ள ஒளிரும் துகள்தான். அதற்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பெருமையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த வகையில் மிகவும் பேர்போன காட்மியம் செலினைடைச் செய்தவுடன் அப்படியே விட்டால் சுமாராகத்தான் ஒளிரும். அதன்மேல் துத்தநாக சல்ஃபைடு ஓடு வளர்த்த பிறகே பிரகாசம் வரும். பெரோவ்ஸ்கைட்டோ ஓடு எதுவும் இல்லாமலேயே, உறிஞ்சிய 100 ஒளித்துகளுக்கு 90 வரை திருப்பித் தந்துவிடும். படிகத்தில் சில அணுக்கள் விடுபட்டிருந்தாலும் அது ஒளிர்வை அவ்வளவாகக் கெடுக்காது.

இன்னொன்று நிறத் தூய்மை. பச்சைப் பெரோவ்ஸ்கைட் 20 நானோமீட்டர் அளவுள்ள ஒடுங்கிய அலைநீளப் பட்டையில் ஒளிரும். ரெக் 2020 என்ற அகன்ற நிறத் தரத்தை எட்ட விரும்பும் திரைகளுக்கு இப்படி ஒரு சுத்தமான பச்சைதான் வேண்டியிருக்கிறது. முதல் முறை புற ஊதா விளக்கில் அந்தப் பச்சையைப் பார்த்தவர்கள் யாரும் உடனே கண்ணை எடுத்ததில்லை. நானும் அப்படித்தான் இந்தத் துறைக்குள் வந்தேன்.

4. அவ்வளவு நல்ல பொருள்னா ஏன் அக்கா இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகுது?

இது அடிப்படையில் ஓர் உப்பு. வைரத்திலும் சிலிக்கனிலும் இருப்பது போன்ற இறுக்கமான பிணைப்பு இதில் இல்லை. நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன, அந்த இழுப்பும் வலுவானதல்ல. பினாங்கில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கசிந்து கட்டியாகிவிடும் என்பது சமையலறைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் சீசியம் புரோமைடு முதலில் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது ஈயம் கூடிய வேறொரு சேர்மம், அது பச்சையாக ஒளிராது.

தண்ணீர் மட்டும் எதிரி என்று நினைக்க வேண்டாம். ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்கும். சூடு ஏறினால் சின்னப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும், அப்போது இரண்டாம் பதிலில் சொன்ன பெட்டி வசதி போய்விடும். ஆல்கஹால், அசிட்டோன் போன்ற முனைவுள்ள கரைப்பான்களும் ஆகாது. ஹாலைடுகள் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். பச்சைக் கரைசலையும் சிவப்புக் கரைசலையும் ஒரே குப்பியில் ஊற்றினால் புரோமைடும் அயோடைடும் இடம் மாறி, சற்று நேரத்தில் இரண்டுக்கும் நடுவான ஒரே நிறம் வந்துவிடும். இத்தனை எதிரிகளையும் ஒரே பூச்சு தடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வேலை கடினமாக இருப்பது அதனால்தான்.

5. படிகத்து மேலதான் ஏற்கனவே ஒலிக் அமிலம் இருக்கே. அதுவே பூச்சுதானே?

அதை லிகாண்டு என்போம். ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் அதே ஒலிக் அமிலமும், கூட ஒலைல் அமீனும் படிகத்தின் மேல் நீண்ட மயிர்போல் நின்று ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. படிகம் வளர்வதற்கும் டொலுயீன் என்ற கரைப்பானில் மிதப்பதற்கும் இவை கட்டாயம் வேண்டும். ஆனால் இவை ஓரிடத்தில் உட்காராதவை. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அமிலமும் அமீனும் தங்களுக்குள் புரோட்டானைக் கைமாற்றிக்கொண்டு, ஜோடியாகவே கழன்று போய்விடும். இரண்டு முறை கழுவிச் சுத்தம் செய்தால் பாதி மயிர் போய், படிகம் மொட்டையாகிக் கலங்கி அடியில் படிந்துவிடும்.

அதனால் வெளியே பூச்சு போடுவதற்கு முன் இந்த முதல் அடுக்கைச் சரிசெய்ய வேண்டும். நான்கு கைகளும் கரிமச் சங்கிலியாக உள்ள அம்மோனியம் புரோமைடு வகைகளில் கைமாற்றப் புரோட்டான் கிடையாது, அவை கூடுதல் நேரம் தங்கும். ஒரே மூலக்கூறில் நேர், எதிர் இரண்டு மின்சுமையும் கொண்ட லிகாண்டுகள் இன்னும் நன்றாகப் பிடிக்கும். சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் அந்த வகைதான், சாக்லேட்டிலும் மார்ஜரினிலும் போடுகிறார்களே, அதே பொருள். புதிதாக வருபவர்கள் இந்தக் கட்டத்தில் அவசரப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். மேற்பரப்பு புண்ணாக இருக்கும்போது மேலே எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

6. சிலிக்கா பூச்சுன்னா கண்ணாடி மாதிரிதானே? அதைப் போடுறதுல என்ன கஷ்டம்?

நியாயமான கேள்வி. சிலிக்கா மலிவு, நிறமற்றது, சூட்டைத் தாங்கும், ஒளியை விழுங்காது. நானோதுகள்களுக்குச் சிலிக்கா போட 1968இலிருந்தே ஸ்டோபர் முறை என்ற நம்பகமான வழி இருக்கிறது. ஆனால் அந்த முறைக்கு வேண்டியவை ஆல்கஹால், அம்மோனியா, தண்ணீர். நாலாம் பதிலில் எதிரிகளின் பட்டியலைப் பார்த்தீர்களே? மழைக்கோட்டுத் தைக்க மழையில் போய் நில் என்று சொல்வது போல் ஆகிறது.

2016 வாக்கில் இதற்கு இரண்டு வழிகள் வந்தன. ஒன்றில், டொலுயீனிலேயே கரைந்திருக்கும் துளி ஈரத்தை மட்டும் பயன்படுத்தி, வேகமாக வினைபுரியும் டெட்ராமெத்தில் ஆர்த்தோசிலிகேட் என்ற சிலிக்கன் சேர்மத்தைச் சிலிக்காவாக மாற்றுவது. இன்னொன்றில், ஒரு முனையில் அமீன் உள்ள சிலேன் என்ற இன்னொரு வகைச் சிலிக்கன் சேர்மத்தை லிகாண்டாகவே மாட்டிவிட்டு, காற்றிலிருந்து மெல்ல நுழையும் ஈரத்தால் அதை அங்கேயே வலையாகப் பின்ன விடுவது. இரண்டாவது முறை எனக்குப் பிடித்தது. ஆனால் முதல் தடவை செய்தபோது மூன்று தொகுதிகள் வீணாயின. செய்முறையில் திறந்த குடுவையில் கலக்கு என்று இருந்தது, அப்படியே செய்தேன். எழுதியவர்களின் ஊர்க் காற்று வேறு, இங்கே சாயங்கால மழைக்குப் பிறகு வரும் காற்று வேறு. சிலிக்கா பின்னி முடிப்பதற்குள் படிகம் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு கலக்கும் இடத்தில் ஓர் ஈரப்பத மானியை வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். நம் ஊரில் இந்த வேலையைச் செய்யும் யாரும் இதைத் தவிர்க்கக் கூடாது.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. சிலேன் வினைபுரியும்போது மெத்தனாலோ எத்தனாலோ வெளியாகும், அதுவும் படிகத்துக்கு ஆகாது. அப்புறம், ஒரு படிகத்துக்கு ஒரு ஓடு என்று அழகாக அமைவது அபூர்வம். பெரும்பாலும் பத்து இருபது படிகங்கள் ஒரே சிலிக்கா உருண்டைக்குள், பயற்றுருண்டையில் பயறு போல, மாட்டிக்கொள்ளும். திரைக்கான படலத்துக்கு அது பரவாயில்லை. கரைசலாக மிதக்க வேண்டிய வேலைக்கு உதவாது.

7. எங்க ஃபேக்டரில ஏஎல்டி மெஷின் இருக்கு. அதுல அலுமினா போட்டா முடிஞ்சுதே?

பாயான் லெப்பாஸ் நண்பர் ஒருவர் கேட்டது. ஏஎல்டி என்றால் வாயுக்களை மாற்றி மாற்றி விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் மட்டும் படியவைக்கும் முறை. ஓட்டையில்லாத அடுக்குக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 2017இல் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகக் குழு, நானோபடிகப் படலத்தின் மேல் இப்படி அலுமினா (அலுமினிய ஆக்சைடு) நிரப்பி, காற்றையும் ஒளியையும் சூட்டையும் தண்ணீரையும் தாங்கும் என்று காட்டியது.

ஆனால் வழக்கமான அலுமினா ஏஎல்டியில் வரும் இரண்டு வாயுக்கள் டிரைமெத்தில் அலுமினியமும் நீராவியும். முதலாவது லிகாண்டுகளைப் பிய்த்துவிடும், இரண்டாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெப்பநிலையைக் குறைத்து, வாயு விடும் நேரத்தையும் சுருக்கி மெதுவாகச் செய்ய வேண்டும். உங்கள் இயந்திரத்தில் சிலிக்கன் வில்லைக்கு ஓடும் செய்முறையை அப்படியே ஓட்டினால் பச்சை போய்விடும். இன்னொன்று, இது படலத்துக்குச் சரி. கிலோக் கணக்கில் தூளுக்குப் போட வேண்டும் என்றால் தூளைக் கிளறிக்கொண்டே போடும் தனி அமைப்பு வேண்டும்.

8. பேசாம பிளாஸ்டிக்ல கலந்துட்டா போதாதா?

பல இடங்களில் போதும், உண்மையாகவே. எளிது, மலிவு, பெரிய அளவில் செய்யலாம். பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் ஊறவைத்து உப்பவிட்டு, உப்பிய இடைவெளிகளில் பெரோவ்ஸ்கைட்டை வளர்த்து, உலர்த்திச் சுருங்கவைத்து மூடிவிடும் முறை 2016இல் வந்தது. அப்படிச் செய்த பச்சைப் படலத்தைத் தண்ணீரில் போட்டாலும் ஒளிரும்.

ஆனால் பிளாஸ்டிக் என்பது மூடிய கதவல்ல, திரைச்சீலைதான். அக்ரிலிக் தன் எடையில் 2 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். பாலிஸ்டைரீன் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் ஆக்சிஜன் அதற்குள் தாராளமாகப் போய்வரும். முறுக்கைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும், தகர டின்னில் வைத்தால் எத்தனை நாள் இருக்கும் என்று வீட்டில் கேளுங்கள். அதனால்தான் தொழிலில் படலத்தின் இருபுறமும் தடுப்புத் தாள் ஒட்டுகிறார்கள். அப்போதும் வெட்டிய ஓரம் திறந்தே இருக்கும். ஒரு தீபாவளி விடுமுறையில் ஏர்கான் நிறுத்தப்பட்ட அறையில் இப்படி ஒட்டிய படலங்களை மேசைமேல் விட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து விளக்கடித்தபோது நடுவில் பச்சை பளிச்சென்று இருந்தது, நான்கு ஓரமும் வேட்டிக்கரை போல வெளுத்திருந்தது. தண்ணீரும் காற்றும் எந்த வழியாக வருகின்றன என்பதை அந்தக் கரை எனக்கு நேரிலேயே காட்டிவிட்டது. அந்தப் படலத்தை இன்னும் வைத்திருக்கிறேன், மாணவர்களுக்குக் காட்ட.

9. பூச்சு தடிமனா இருந்தா இன்னும் நல்லதுதானே?

ஓரளவுக்கு மேல் நல்லதல்ல. சூடு ஏறும்போது பெரோவ்ஸ்கைட் சிலிக்காவைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். தடித்த, விறைத்த ஓடு விரிசல் விடும், விரிசல் வழியாக ஈரம் இறங்கும். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் விரிசலுள்ள பூச்சைவிட, பத்து நானோமீட்டரில் ஓட்டையில்லாத பூச்சு மேல். தடிமன் கூடினால் ஒளியும் சிதறும். பூச்சு ஓட்டையில்லாமல் மூடியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நாலாம் பதிலில் பச்சையும் சிவப்பும் கலந்து ஒரே நிறமாகும் என்றேன் அல்லவா? பூச்சு போட்ட பச்சையை அயோடைடுச் சிவப்போடு கலந்து பாருங்கள். நிறமாலையில் இரண்டு மேடுகளும் தனித்தனியே நின்றால் ஹாலைடுகள் வெளியே வரவில்லை, பூச்சு மூடியிருக்கிறது. பச்சை மேடு சிவப்புப் பக்கம் நகர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பத்து நிமிட வேலை.

10. தண்ணீரில் மாதக்கணக்கில் போட்டாலும் போகாத தூள் இருக்குன்னு சொல்றாங்களே, அது எப்படி?

2020இல் வந்த ஒரு வழியைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானோமீட்டர் துளைகள் நிறைந்த சிலிக்காத் தூளில் சீசியம், ஈயப் புரோமைடு உப்புகளைக் கலந்து, 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். உப்புகள் துளைக்குள் புகுந்து படிகமாகும், அதே சூட்டில் துளைகள் இடிந்து மூடிக்கொள்ளும். பூச்சு போடும் கட்டமே தனியாக இல்லை. ஆறாம் பதிலில் சொன்ன ஈரமும் ஆல்கஹாலும் இங்கே கிடையாது, லிகாண்டும் கிடையாது. பீங்கான் போன்ற தூள் கிடைக்கும். இப்போதைக்கு என் பார்வையில் உறுதிக்கு இதுதான் முன்னால் நிற்கிறது. 2021இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் முன்னின்று, கரிமமும் உலோகமும் சேர்ந்த ஒருவகைக் கண்ணாடிக்குள் பெரோவ்ஸ்கைட்டைப் பொதிந்தும் காட்டினார்கள். இவை எல்லாம் திடத் தூளாகவும் கட்டியாகவும் வருபவை. மையாக அச்சடிக்கவோ மெல்லிய அடுக்காகப் பூசவோ வேண்டுமென்றால் கரைசல் முறைக்கே திரும்ப வேண்டும்.

11. சுத்தி சிலிக்கா போட்டா மின்சாரம் எப்படி உள்ளே போகும்?

போகாது. இந்த இடத்தில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று நிறமாற்றம்: பின்னாலிருக்கும் நீல எல்இடியின் ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவது. இங்கே மின்சாரமே தேவையில்லை, எவ்வளவு மின்தடையுள்ள பூச்சும் சரி. மேலே சொன்ன எல்லாம் இதற்குத்தான்.

இன்னொன்று, பெரோவ்ஸ்கைட்டையே எல்இடியாக்கி அதற்குள் மின்சாரம் செலுத்துவது. சாதாரண வெப்பநிலையில் ஒளிரும் அத்தகைய எல்இடியை 2014இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. இதில் படிகங்களுக்கு இடையே எலக்ட்ரான் தாவியாக வேண்டும், ஆகவே ஒவ்வொரு படிகத்துக்கும் தடித்த உறை போட முடியாது. ஐந்தாம் பதிலில் சொன்ன லிகாண்டுகளைக் குட்டையாக, இறுக்கமாக அமைத்து, முழுச் சாதனத்தையும் வெளியே கண்ணாடியால் மூடுவார்கள். அப்போதும் மின்புலத்தில் அயனிகள் உள்ளுக்குள்ளேயே நகரும். வெளியிலிருந்து வரும் எதிரியைப் பூச்சு தடுக்கும், உள்ளே இருந்து புறப்படுவதைத் தடுக்காது.

12. பச்சை தாங்குது, சிவப்பு மட்டும் ஏன் சீக்கிரம் போகுது?

சிவப்புக்கு அயோடைடு வேண்டும். சீசியம் ஈய அயோடைடின் ஒளிரும் கருப்பு அமைப்பு சாதாரண வெப்பநிலையில் நிலையானதல்ல. அயோடின் கூட்டுக்குள் சீசியம் சற்றுச் சிறியது, பெரிய சட்டை போட்ட பிள்ளைபோல் தொளதொளவென்று இருக்கும். வாய்ப்புக் கிடைத்ததும் மஞ்சள் அமைப்பாக மாறிவிடும், அது சிவப்பாக ஒளிராது. ஈரம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதால் பூச்சு உதவத்தான் செய்கிறது, முழுக்கத் தடுக்காது. புரோமினும் அயோடினும் கலந்து சிவப்பெடுத்தால் வேறு தொல்லை: பலமான ஒளியில் இரண்டும் பிரிந்து போய் நிறம் நகர்ந்துவிடும்.

அதனால் திரைகளுக்குப் பச்சைக்கு மட்டும் பெரோவ்ஸ்கைட்டை வைத்து, சிவப்புக்கு மாங்கனீசு கலந்த பொட்டாசியம் ஃபுளூரோசிலிகேட் பாஸ்பரை (நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும் தூள்) சேர்ப்பது நடைமுறையில் உள்ள ஏற்பாடு. எல்இடி தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பழகிய பொருள்.

13. ஒரு கட்டுரையில ஆறு மாசம் நிலைச்சு நின்னுச்சுன்னு போட்டிருக்கு. நம்பலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆறு மாதம் எதற்கு எதிராக? இருட்டு அலமாரியில், ஏர்கான் அறையில், மூடிய குப்பியிலா? வெயிலிலா? தண்ணீருக்கு அடியிலா? தண்ணீரில் வைத்த படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைவு, சூடும் ஏறாது. அதே தூளை ஈரமான காற்றில் நீல ஒளிக்கு முன்னால் 85 டிகிரியில் வைத்தால் ஒரு நாள் தாங்காமலும் போகலாம். நிலைப்பு என்பது தனியாக நிற்கும் சொல்லே அல்ல. எதிலிருந்து, எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில், எவ்வளவு ஒளியில் என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அதற்குப் பொருள் கிடையாது. நான் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

வரைபடத்தின் நிலைக்குத்து அச்சையும் பாருங்கள். 100 சதவீதத்தில் தொடங்கி 95இல் நிற்கிறது என்று காட்டுவார்கள். ஆனால் பூச்சு போடும்போதே ஒளிர்வு 90இலிருந்து 40க்கு இறங்கியிருந்தால், அந்த 95 என்பது நாற்பதில் தொண்ணூற்றைந்து சதவீதம். பூச்சுக்கு முன்னும் பின்னும் உண்மையான குவாண்டம் ஈல்டை, அதாவது உறிஞ்சிய 100 ஒளித்துகளுக்கு எத்தனை திரும்பி வருகின்றன என்பதை, சொல்லியிருக்கிறார்களா, பூச்சில்லாத அதே தொகுதியைப் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சில மாதிரிகள் ஒளி பட்ட முதல் சில மணி நேரம் கூடுதலாகப் பிரகாசிக்கும், மேற்பரப்புக் குறைகள் தற்காலிகமாக ஆறுவதால். அந்த நேரத்தில் அளவெடுத்து நிறுத்திவிட்டால் தேய்மானமே இல்லாதது போல் தெரியும்.

தொழிற்சாலைப் பக்கத்து அளவுகோல் கடுமையானது, எனக்கு அதுதான் சரியாகப்படுகிறது. 60 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம், அல்லது 85 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம், ஆயிரம் மணி நேரம். எல்இடிகளுக்கான எல்எம்-80 சோதனை வழக்கமாகக் குறைந்தது 6,000 மணி நேரம் ஓடும், அதாவது எட்டு மாதத்துக்கும் மேல் இரவு பகலாக. இதில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

14. ஈயம் இருக்கே, ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்றே உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, குழந்தைகளுக்குக் கேடு அதிகம். மின்னணுப் பொருள்களுக்கான ஐரோப்பிய விதியின்படி ஒரே சீரான பொருளில் ஈயம் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காட்மியத்துக்கு அது 0.01 சதவீதம். சீசியம் ஈய புரோமைடின் எடையில் ஈயம் மட்டும் ஏறக்குறைய 36 சதவீதம். கணக்குப் போட்டால், படலத்தில் பெரோவ்ஸ்கைட் 0.28 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மெல்லிய அளவிலேயே நன்றாக ஒளிர்வதால் இது எட்டக்கூடிய எல்லைதான். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் அதே பூச்சு ஈயம் வெளியே கசியாமலும் தடுக்கும். அதனால் ஒளிர்வை மட்டும் அளக்காமல், ஊறவைத்த தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்றும் அளக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போடலாமே என்றால், அது காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமைப்பையே குலைத்துவிடும். கழிவைத் தொட்டியில் ஊற்றுவது கூடவே கூடாது. 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிமுறைகள் மலேசியாவில் இருக்கின்றன. துடைத்த தாள் உட்பட எல்லாம் தனி டப்பாவுக்குப் போக வேண்டும்.

15. எங்க பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்து காட்டலாமா அக்கா?

மேலே சொன்ன காரணத்தால் வேண்டாம் தம்பி. ஒளிர்வைக் காட்ட வேண்டுமென்றால் மஞ்சள்தூளை ஆல்கஹாலில் கலக்கிப் புற ஊதா டார்ச் அடியுங்கள், நல்ல பச்சை வரும். குவினைன் கலந்த டானிக் வாட்டர் நீலமாக ஒளிரும். பூச்சின் அருமையைக் காட்ட, ஒரே எடை உப்பை எடுத்துத் திறந்த தட்டு, பிளாஸ்டிக் பை, மெழுகுத் தாள், மூடிய கண்ணாடிக் குப்பி ஆகியவற்றில் வைத்து, ஒரு வாரம் தினமும் நிறுத்து எழுதுங்கள். பினாங்கு மழைக்காலத்தில் செய்தால் எடை ஏறுவது நன்றாகவே தெரியும்.

16. இதைப் படிச்சா பினாங்குல வேலை கிடைக்குமா?

பெரோவ்ஸ்கைட் என்று பெயர்ப்பலகை போட்ட வேலையைத் தேடாதீர்கள். 1972இலிருந்து பாயான் லெப்பாஸில் வளர்ந்த மின்னணுத் தொழிலில், சில்லை உறையிடுவது, ஈரம் புகாமல் மூடுவது, எல்இடியில் பாஸ்பர் கலப்பது, நம்பகத்தன்மைச் சோதனை செய்வது ஆகிய வேலைகள் நிறைய இருக்கின்றன. ஒரு நல்ல பொருளை எது கெடுக்கிறது, எப்படிக் காப்பது என்று கற்றவர்களுக்கு அங்கே இடமுண்டு. வேதியியல், பொருளறிவியல், இயற்பியல் எதிலிருந்தும் வரலாம். அளவெடுப்பதில் பொறுமை வேண்டும்.

17. என் குப்பியில பச்சை மங்கிப்போச்சு. திரும்ப வரவைக்க முடியுமா?

முதுகலை மாணவர்கள் பதற்றத்தோடு கேட்பது. எதனால் மங்கியது என்று முதலில் பாருங்கள். உறிஞ்சல் நிறமாலையில் 510 நானோமீட்டர் அருகே விளிம்பு அதே இடத்தில், ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றால், படிகம் இருக்கிறது, மேற்பரப்புதான் புண்ணாகியிருக்கிறது. கழுவும்போது லிகாண்டும் புரோமைடும் போயிருக்கும். ஐந்தாம் பதிலில் சொன்ன அம்மோனியம் புரோமைடு லிகாண்டையோ, கரைத்த ஈய புரோமைடையோ துளித் துளியாகச் சேர்த்துக் கலக்கினால் பல சமயம் சில நிமிடத்தில் பச்சை திரும்பும். கையிலிருக்கும் குப்பி கண்ணெதிரே மறுபடி பிரகாசிப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியே தனி.

விளிம்பே குறைந்து, கரைசல் வெளுத்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் படிகம் உடைந்துவிட்டது. அதை மீட்க நேரம் செலவிடாமல் கழிவு டப்பாவில் சேர்த்துவிட்டு, அன்றைய ஈரப்பதத்தையும், குப்பியை எத்தனை முறை திறந்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த தொகுதியைக் கலக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.